ஒரே அறையில் மூன்று வகுப்பு: 1, 2, 3 வகுப்புகளின் ஒரு வாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில்கள் யாருக்கு?

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 1, 2, 3 வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் ஆசிரியருக்கு, முக்கியமாக இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவருக்கு. கல்வி உரிமைச் சட்டம் (2009) 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. அதனால் ஒருவர் 1 முதல் 3 வரையும், மற்றவர் 4, 5 வகுப்புகளையும் எடுத்துக்கொள்வது வழக்கம். கீழே வரும் அளவுகள் எல்லாம் 24 பிள்ளைகள் உள்ள அறைக்கானவை.

திங்கட்கிழமை காலையில் எங்கிருந்து தொடங்குவது?

பாடநூலை எடுக்காதீர்கள். சிலேட்டும் பல்பமும் எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். மூன்று சொல், ஒரு எண், ஒரு கணக்கு. மரம், பட்டம், கோழி, இருபத்தைந்து, 42-17. முதல் வகுப்புக்கு முதல் இரண்டு சொல்லோடு நிறுத்திவிடலாம். எழுதி முடித்ததும் எல்லாரும் சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கட்டும். ஒரே பார்வையில் 24 சிலேட்டும் தெரியும்.

தப்பாக எழுதியதை உடனே அழிக்கச் சொல்லிவிடாதீர்கள். அந்த வாரத்துக்கான திட்டமே அதில்தான் இருக்கிறது. “பட்டம்” என்பதை ஒரு பிள்ளை “படடம” என்றும், இன்னொன்று “பாட்டம்” என்றும் எழுதியிருந்தால் இரண்டும் தவறுதான். ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு மருந்து. முதல் பிள்ளைக்குப் புள்ளி வைத்த எழுத்தின் ஒலி பிடிபடவில்லை. இரண்டாவதுக்குக் குறில், நெடில் பிரியவில்லை. “தவறு” என்று மட்டும் குறித்துக்கொண்டால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

பிள்ளைகளை வகுப்புவாரியாக உட்கார வைப்பதா, நிலைவாரியாகவா?

நிலைவாரியாகத்தான். 2022-23 கல்வியாண்டில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்த, அடிப்படை எழுத்தறிவு எண்ணறிவுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவும் இதற்காகவே. அரும்பு முதல் வகுப்புக்குரிய நிலை, மொட்டு இரண்டாம் வகுப்புக்குரியது, மலர் மூன்றாம் வகுப்புக்குரியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, தமிழில் அரும்பாக இருக்கும் பிள்ளையைக் கணக்கிலும் அரும்பிலேயே உட்கார வைப்பது. கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கிப் பழகிய பிள்ளை எழுத்துக் கூட்டத் திணறும், கணக்கில் முன்னால் நிற்கும். பாடத்துக்குப் பாடம் குழு மாற வேண்டும். இன்னொன்று, நிலைப் பட்டியலைப் பெயரோடு சுவரில் ஒட்டுவது. பிள்ளை தன் பெயரை எங்கே பார்க்கிறதோ அங்கேயே நின்றுவிடுகிறது. பட்டியல் உங்கள் குறிப்பேட்டுக்குள் இருக்கட்டும்.

ஒரு பாடத்துக்குத் தொடர்ந்து 90 நிமிடமா? சின்னப் பிள்ளைகள் தாங்குவார்களா?

ஒரே இடத்தில் உட்கார்ந்து தாங்க மாட்டார்கள். மூன்றாக உடைத்தால் தாராளமாகத் தாங்குவார்கள். முதல் 20 நிமிடம் எல்லாரும் சேர்ந்து பாட்டு, கதை, படம் பார்த்துப் பேச்சு. இதில் நிலை கிடையாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே கதையைக் கேட்கலாம். அடுத்த 60 நிமிடம் குழு வேலை. ஒவ்வொரு குழுவோடும் நீங்கள் 20 நிமிடம் தரையில் உட்கார வேண்டும். அந்நேரம் மற்ற இரு குழுக்களும் உங்களைக் கூப்பிடத் தேவையில்லாத வேலையில் இருக்க வேண்டும். கடைசி 10 நிமிடம் குழுவுக்கு ஒருவர் வந்து செய்ததைக் காட்டுவார்.

முதல் 20 நிமிடத்தை அரும்புக் குழுவுக்குக் கொடுங்கள். அவர்களுக்குக் காத்திருக்கும் பொறுமை குறைவு. மலர்க் குழு கடைசியில் வரலாம்.

நான் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற இரண்டும் சத்தம் போடுகின்றன. என்ன செய்வது?

பெரும்பாலும் கொடுத்த வேலை எட்டு நிமிடத்தில் முடிந்திருக்கும், அல்லது எப்படிச் செய்வதென்றே புரிந்திருக்காது. தனியாகச் செய்யும் வேலை, ஏற்கெனவே ஒருமுறை உங்களோடு செய்து பழகியதாக இருக்க வேண்டும். புதிய விளையாட்டு, புதிய அட்டை எதையும் தனிக்குழு நேரத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள்.

நன்றாக ஓடும் வேலைகள் சில உண்டு. மணல் தட்டில் எழுத்து எழுதி, பக்கத்துப் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்வது. படச் சொல் அட்டைகளில் ஜோடி சேர்ப்பது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்களை இருவர் இருவராகப் படிப்பது; அவை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் இருப்பதால் தேடி எடுப்பதும் எளிது. பல்லாங்குழியும் நல்ல துணை. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. ஆட்டம் தொடங்கும் முன் கொட்டைகளை ஐந்தைந்தாக எண்ணி நிரப்புவதிலேயே ஐந்தாம் வாய்ப்பாடு வந்துவிடும்.

வேலை செய்யும் சத்தத்தை அடக்கத் தேவையில்லை. யாரும் யாரோடும் பேசாத குழுவின் மேல்தான் கவனம் வேண்டும்.

தனி எழுத்தெல்லாம் சரியாகச் சொல்கிறான். சொல்லைக் காட்டினால் நின்றுவிடுகிறான். ஏன்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது மெய்யெழுத்து. “ப”, “ட்”, “ட”, “ம்” என்று நான்கையும் தனித்தனியே நிறுத்திச் சொல்லிப் பழகியவனுக்கு அவற்றைச் சேர்த்தால் பட்டம் என்று வருவது தெரியாது. இங்கே நம் இலக்கணமே கைகொடுக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒரு கைத்தட்டு. நெடிலுக்குத் தட்டிய கையைப் பிரிக்காமல் இன்னொரு தட்டு நேரம் இழுத்துப் பிடிப்பது. மெய்க்குத் தட்டாமல் விரல்களை மட்டும் மூடுவது. “பட்”, “டம்” என்று இரண்டு தட்டில் சொல் முடிந்துவிடும். ஒரு வாரம் தினமும் ஐந்து நிமிடம் இப்படிச் செய்தால் புள்ளியை விட்டுவிடும் பிழை கணிசமாகக் குறையும்.

இரண்டாவது துணைக்கால். “கா” என்பதைச் சில பிள்ளைகள் “கர” என்று படிப்பார்கள், எழுதும்போதும் துணைக்காலை “ர” போலச் சாய்த்து இழுப்பார்கள். கரம், காரம்; மரம், மாரம் என்று ஜோடியாக எழுதிப் பொருள் உள்ளது எது, இல்லாதது எது என்று கேளுங்கள். பொருளைத் தேடும்போதுதான் கண் வடிவத்தைக் கவனிக்கிறது.

மூன்றாவது, கொம்பு முன்னால் நிற்பது. “கோழி” என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது ‘ே’, வாயில் முதலில் வருவதோ க். இடமிருந்து வலமாகப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்; பிள்ளை அதைத்தான் செய்கிறது, “ஏ” என்று தொடங்கிவிட்டுத் தடுமாறுகிறது. மூன்று சிறு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள்: ஒன்றில் இரட்டைக்கொம்பு, ஒன்றில் க, ஒன்றில் துணைக்கால். முதலில் க அட்டையை மட்டும் தரையில் வைத்து ஒலிக்கச் செய்யுங்கள். பிறகு இடப்பக்கம் கொம்பை வையுங்கள்: கே. பிறகு வலப்பக்கம் துணைக்கால்: கோ. பிள்ளையே தன் கையால் அட்டையை நகர்த்த வேண்டும். நீங்கள் நகர்த்திக் காட்டினால் தலையாட்டும், மறுநாள் மறந்திருக்கும். புத்தகத்தில் படிக்கும்போது விரலை முதலில் நடு எழுத்தின் கீழ் வைக்கப் பழக்குங்கள்.

இவற்றோடு சொல் வரிசையையும் பாருங்கள். அகர எழுத்தும் மெய்யும் மட்டும் உள்ள சொற்களே நிறைய இருக்கின்றன: படம், மரம், பழம், நகம், கடல், மணல், வயல், கப்பல். இவை சரளமான பிறகு பால், மான், காகம், வானம். கொம்பு வரும் சொற்கள் கடைசியில். “கௌதாரி”யை “கெளதாரி” என்று படித்தால் கண்டிக்காதீர்கள். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சொல்லைத் தெரிந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய இடம் அது.

உகர வரிசையில் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

இகரத்துக்கு ஒரே விசிறிதான். எல்லா எழுத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். உகரத்துக்கு அப்படி ஒரே குறி கிடையாது. வரிசையாகக் கு, ஙு, சு என்று போனால் ஒவ்வொன்றும் புதிதாகத் தெரியும். வடிவத்தை வைத்து மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். சு, பு, யு, வு: கீழே நேர்க்கோடு இறங்கும். ணு, து, நு, லு, று, னு: கால் இறங்கி வலப்பக்கம் வளைந்து ஏறும். கு, டு, மு, ரு, ழு, ளு: சுழித்துத் திரும்பும். ஒரு நாளைக்கு ஒரு கூட்டம். முதலில் மணலில் விரலால், பிறகு சிலேட்டில், நோட்டில் கடைசியாக.

ண, ந, ன குழப்பத்துக்கு வழி உண்டா?

உண்டு, நம் பெரியவர்கள் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன் வருவது ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன். பண்டம், பந்தம், கன்று. இந்த மூன்று சொல்லையும் மூன்று வண்ணச் சாக்பீஸில் கரும்பலகை ஓரத்தில் மாதம் முழுக்க அழிக்காமல் விட்டுவையுங்கள். சொல்லின் முதலில் வருவது ந என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பிழை போய்விடும். மூன்று சுழியா இரண்டு சுழியா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை ஊகித்துத்தான் சொல்லும்.

வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. எதில் எழுத விடுவது?

தொடக்கத்தில் பேசுவதை எழுத விடுங்கள். “நேத்து எங்க ஆடு குட்டி போட்டுச்சு” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை அப்படியே பலகையில் எழுதுங்கள். அந்தப் பிள்ளை தான் சொன்னதை எழுத்தாகப் பார்க்கும்போது முகம் மலர்வதைக் காணலாம். கீழே “நேற்று எங்கள் ஆடு குட்டி போட்டது” என்று எழுதி, மாறிய இடங்களில் மட்டும் கோடிடச் சொல்லுங்கள். வாரம் இரண்டு முறை, ஒரு முறைக்கு ஒரே வாக்கியம். பேச்சைத் தவறு என்று சொல்லாதீர்கள். “இது பேசும்போது, இது எழுதும்போது” என்பதே போதும்.

இருபத்தைந்து என்றால் 205 என்று எழுதுகிறார்கள். இடமதிப்பு எத்தனை முறை நடத்தியும் புரியவில்லையே?

காதில் விழுந்தபடி எழுதுகிறார்கள்: இருபது, ஐந்து. அவர்கள் தர்க்கம் சரிதான். தமிழ் எண்ணுப் பெயரில் இன்னொரு கண்ணியும் உண்டு: தொண்ணூறு என்ற சொல்லுக்குள் “நூறு” ஒலிக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் “ஆயிரம்” ஒலிக்கிறது. அதனால் 90-ஐ 900 என்று எழுதும் பிள்ளையும் உண்டு. எழுபது, எண்பது வரை தயங்காமல் வந்து தொண்ணூறில் தடுக்கி விழுவது இதனால்தான்.

இதற்கு ஈர்க்குச்சிக் கட்டு வேண்டும். தென்னை விளக்குமாற்றுக் குச்சியை ஒரு சாண் நீளத்தில் பாதியாக நறுக்கி, முனையைத் தரையில் தேய்த்து மழுக்குங்கள். எரியாத தீக்குச்சி வேண்டாம்; மருந்து கையில் ஒட்டும், சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். மூன்று பேர் கொண்ட சிறு குழுவுக்குப் பத்துப் பத்தாக 9 கட்டும் உதிரியாக 18 குச்சியும், ஆக 108. ஒரு நேரத்தில் உங்களோடு உட்காரும் மூன்று சிறு குழுவுக்கு 324. ரப்பர் பேண்டு வெயில் காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அறுந்துபோகும்; நூலால் சுருக்குப் போட்டால் அவிழ்க்கவும் எளிது.

முக்கியமானது ஒன்று: கட்டைப் பிள்ளையே எண்ணிக் கட்ட வேண்டும். நாம் கட்டிக் கொடுத்த கட்டு அதற்கு ஒரு தடித்த குச்சி, அவ்வளவுதான். உள்ளே பத்து இருப்பது கைக்குத் தெரியாது. இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் எடுத்து வைத்து, கட்டுக்கு இடப்பக்கம், உதிரிக்கு வலப்பக்கம் என்று தரையில் கோடு போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை என்று ஒரே ஒரு இலக்கம் எழுதச் சொல்லுங்கள். “ஒரு வீட்டுக்கு ஒரு இலக்கம்” என்ற விதி வந்தபின் 205-க்கு இடமிருக்காது.

42-17 போட்டால் 35 வருகிறது. கடன் வாங்குவதை எப்படிச் சொல்வது?

7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறான். பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று முன்பு நாம் சொன்னதைத்தான் செய்திருக்கிறான். நாலு கட்டு, இரண்டு உதிரியை அவன் கையில் கொடுத்து “ஏழு குச்சி எனக்குக் கொடு” என்று கேளுங்கள். பேசாமல் காத்திருங்கள். உதிரி போதவில்லை என்று தெரிந்து ஒரு கட்டை அவிழ்ப்பான். இப்போது 12 உதிரி. ஏழு போக ஐந்து. மூன்று கட்டில் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு. 25. கட்டை அவிழ்ப்பதைத்தான் கடன் வாங்குவது என்கிறோம். “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்ற சொல்லை மூன்று நாள் கழித்துச் சொன்னால் போதும். குச்சி, பிறகு குச்சியின் படம், பிறகு இலக்கம். நடுவில் உள்ள படத்தைத் தாண்டிப் போனால்தான் மறுபடி 35 வரும்.

வாரம் முழுக்கத் தொடரும் ஒரு செயல்பாடு சொல்ல முடியுமா?

பச்சைப்பயறு முளைக்க வைப்பது. நம் வெப்பத்தில் வேகமாக முளைக்கும், செலவும் இல்லை. கடைப் பயறு போதும். உடைத்ததும் வறுத்ததும் முளைக்காது. திங்கள் மதியம் ஒரு கைப்பிடியை ஊற வையுங்கள். செவ்வாய் காலை நீரை வடித்து ஈரத் துணியில் கட்டித் தொங்க விடுங்கள். புதன் காலை அவிழ்த்தால் வெள்ளை வால் நீட்டியிருக்கும். அன்றே பிள்ளைக்கு ஒரு கொட்டாங்குச்சி, அதில் மூன்று விதை, ஒரு விரல் நக அளவு ஆழம். கண் உள்ள கொட்டாங்குச்சியாகப் பாருங்கள், அந்தக் கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால்தான் நீர் வடியும். வடியாவிட்டால் இரண்டே நாளில் விதை அழுகி நாற்றமடிக்கும். இந்தச் செயல்பாடு கெடுவது பெரும்பாலும் அன்பு மிகுந்து ஆளாளுக்கு நீர் ஊற்றுவதால். நாளுக்கு இரண்டு மூடி நீர் என்று தண்ணீர்ப் பாட்டில் மூடியால் அளந்துவிடுங்கள்.

கூடுதலாக இரண்டு கொட்டாங்குச்சி: ஒன்றுக்கு ஊறாத விதை இட்டு நீரே ஊற்ற வேண்டாம், ஒன்றை அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிப் பலகையில் எழுதட்டும். இருட்டில் உள்ளது வெளிறி, மற்றதைவிட நீண்டு வளர்வதைப் பார்த்து அவர்கள் கேட்கும் கேள்விகள் எந்தப் பயிற்சி நூலிலும் இருக்காது.

முளை மண்ணுக்கு மேல் வந்ததும் அளவுகோல் வேண்டாம். செடியின் உயரத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி, கிழமை எழுதி, ஒரு தாளில் அருகருகே ஒட்டச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் ஏறுமுகமாக ஒரு பட்டை வரைபடம் கிடைத்துவிடும். இது அடுத்த வாரத்துக்கும் நீளும். வெள்ளிக்கிழமை மாலை நீர் தெளித்து, நிழலில் வைத்து, பக்கத்தில் ஈரச் சாக்கு போர்த்திவிட்டுப் போங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை வாடிக் கிடக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். மதியம் என்ன வைப்பது?

உட்கார்ந்து எழுதும் வேலையை வைக்காதீர்கள். பாண்டி ஆட்டக் கட்டத்தில் எண் எழுதி நொண்டியடிக்கலாம். ஆங்கிலப் பாடலை ஆடிப் பாடலாம். பொருளைத் தொட்டுக் காட்டிச் சொல்லும் ஆங்கிலம் இந்த நேரத்துக்குப் பொருந்தும். புள்ளிக் கோலம் இன்னும் நல்லது. 5-இல் தொடங்கி 3-இல் முடியும் ஊடுபுள்ளிக் கோலம் என்றால் வரிசைக்கு 3, 4, 5, 4, 3. போடும் முன்பே மொத்தம் எத்தனை என்று மலர்க் குழு சொல்லட்டும். 19.

காலைச் சோர்வு வேறு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 25.08.2023 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடக்கிறது. இருந்தும் தினமும் தாமதமாக வந்து அதைத் தவறவிடும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பிள்ளை 11 மணிக்குக் கவனிக்காமல் இருந்தால் படிப்பில் குறை தேடும் முன் சாப்பிட்டதா என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டில் எதைக் குறிப்பது?

கல்வித் துறையின் செயலியில் ஏற்ற வேண்டியதை ஏற்றுங்கள். அது துறைக்கு. உங்களுக்கென்று ஒரு 80 பக்க நோட்டு, பிள்ளைக்கு மூன்று பக்கம். வாரத்துக்கு இரண்டு வரி: செய்ய முடிந்தது ஒன்று, செய்த பிழை ஒன்று, பிழையை எழுதியபடியே. “கழித்தலில் பின்தங்கியுள்ளார்” என்ற வரியால் திங்கட்கிழமை எந்தப் பயனும் இல்லை. “42-17=35” என்று இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பார்த்ததும் தெரியும். 24 பேரையும் வெள்ளியன்றே முடிக்க முயல வேண்டாம். செவ்வாய் முதல் நாளுக்கு ஆறு பேர் என்றால் நான்கு நாளில் முடியும்.

வீட்டுப்பாடம் கொடுக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்களே?

2020-இல் வந்த தேசியப் பள்ளிப்பை கொள்கை 2-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரத்துக்குள். பெற்றோர் கேட்பது பிள்ளை படிக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அதனால் எழுதும் வேலைக்குப் பதில் கேட்கும் வேலை கொடுங்கள்: அம்மாவிடம் மூன்று கீரைப் பெயர், தாத்தாவிடம் ஒரு விடுகதை, வீட்டில் எத்தனை கதவு. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலும் இதற்கு உதவ முடியும்.

ஒரு மாதம் வராமல் இருந்து திரும்பிய பிள்ளையை எங்கே சேர்ப்பது?

விட்ட பாடத்தைத் தேடிப் போகாதீர்கள். திங்கட்கிழமைச் சிலேட்டுச் சோதனையைத் தனியாக அதற்கு வைத்து, எங்கே நிற்கிறதோ அந்தக் குழுவில் உட்கார வையுங்கள். முதல் இரண்டு நாள் அது ஏற்கெனவே நன்றாகச் செய்யும் வேலையைக் கொடுங்கள். கூட உட்கார ஒரு நண்பர் வேண்டும். அதை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோருடன் போய் வந்திருந்தால், அங்கே எண்ணியதையும் அளந்ததையும் வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள். ஆயிரம் கல் எப்படி அடுக்குவார்கள் என்பது அந்த அறையில் அதற்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

வாரத் தொடக்கத்தில் கையில் இருக்க வேண்டிய பொருட்கள்?

சிலேட்டு 24, ஓரம் உடைந்தால் கை கிழிக்கும் என்பதால் கூடுதலாக 2. பல்பம் ஒரு டப்பா. மணல் தட்டு 4. சலித்த மணல் ஒரு விரற்கடை உயரம், அதற்கு மேல் போட்டால் எழுத்து மூடிக்கொள்ளும். ஈர்க்குச்சி 324, புளியங்கொட்டை 140, இரண்டு பல்லாங்குழிப் பலகை. பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் 14 வட்டம். பழைய திருமண அழைப்பிதழ்கள், எழுத்து அட்டை வெட்ட; பின்பக்கம் வெறுமையாகவும் தடிப்பாகவும் இருப்பதால் இரண்டு ஆண்டு வரும். பச்சைப்பயறு 100 கிராம், கொட்டாங்குச்சி 26. கொட்டாங்குச்சியை வெள்ளிக்கிழமையே சத்துணவு அக்காவிடம் சொல்லி வைத்தால் புதன்கிழமைக்குள் சேர்ந்துவிடும்.